பல் கிளினிக்குக்கு என்னென்ன இன்ஷூரன்ஸ் எடுக்கணும்? புதுசா ஆரம்பிக்கிறேன், வழி சொல்லுங்க

முத்துநகர் பல் (தூத்துக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். வர்ற தை மாசம் தூத்துக்குடியில் சொந்தமா கிளினிக் திறக்கிறேன். இதுவரைக்கும் ஒரு மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்ததால இன்ஷூரன்ஸ் பத்தி யோசிக்க வேண்டிய தேவையே வரல.

இடம் வாடகை, தரைத்தளம். ரெண்டு சேர், கம்ப்ரெஸர், ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்குறது), ஆர்விஜி சென்சார் (பல்லை டிஜிட்டல் எக்ஸ்ரே எடுக்கிறது), ஒரு ஓபிஜி (முழுத் தாடையையும் எடுக்கிற எக்ஸ்ரே மெஷின்). மெஷின் எல்லாம் சேர்த்து 21 லட்சம். உள் வேலை (பார்ட்டிஷன், தரைக்கு அடியில் போற பைப் லைன், ஃபால்ஸ் சீலிங், ஏசி) தனியா 7 லட்சம். பாதி பணம் பேங்க் லோன்.

நான் பார்க்கிறது பொதுப் பல் சிகிச்சை, ரூட் கெனால், கேப். கிளிப் போட ஒரு டாக்டர் வாரம் ஒரு நாள் வருவாங்க. ஞானப்பல் அறுவைக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் கூப்பிட்டா ஒரு சர்ஜன் வருவார். உதவிக்கு ரெண்டு பேர், வரவேற்பில் ஒருத்தர்.

லோன் கொடுத்த பேங்க்ல அவங்களே ஒரு ஃபயர் பாலிசி போட்டுட்டாங்க. தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் திருட்டு, கண்ணாடி, போர்டு எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜும், என் பேர்ல 10 லட்சத்துக்கு தொழில்முறைப் பொறுப்பு பாலிசியும் (சிகிச்சையில் தப்புன்னு நோயாளி வழக்குப் போட்டா கைகொடுக்கிறது, எல்லாரும் இன்டெம்னிட்டின்னு சொல்றாங்களே, அது) எடுத்தா போதும்னு சொல்றார். போதுமா? எதுக்கு முதல்ல பணம் போடணும், எதைத் தள்ளிப் போடலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

மருதமலை டாக்டர் (கோவை)

வாழ்த்துகள்ங்க டாக்டர். ஏஜென்ட் கொடுக்கிற பட்டியலை ஓரமா வச்சிட்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: எது நடந்தா கிளினிக்கை மூட வேண்டி வரும்? போர்டு உடைஞ்சா மூட மாட்டீங்க. கண்ணாடி உடைஞ்சா மூட மாட்டீங்க. ஒரு நோயாளி பெரிய தொகை கேட்டு வழக்குப் போட்டாலோ, வெள்ளம் உள்ள வந்தாலோ, உங்க கை ஆறு மாசம் வேலை செய்யாம போனாலோ மூட வேண்டி வரலாம். பிரீமியத்தில் பெரும்பகுதி இந்த மூணுக்கும் போகட்டும். மத்ததெல்லாம் மிச்சம் இருந்தா.

இன்டெம்னிட்டி பத்தி ஒண்ணு நல்லாப் புரிஞ்சுக்கோங்க. கார் இன்ஷூரன்ஸ்ல விபத்து நடந்த அன்னிக்கு பாலிசி இருந்தா போதும். இதுல அப்படி இல்ல. கிளைம் வர்ற அன்னிக்கும் பாலிசி உயிரோட இருக்கணும், சிகிச்சை நடந்த தேதியும் பாலிசியில் எழுதியிருக்கிற ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’க்குப் பின்னால இருக்கணும். முதல் பாலிசி எடுத்த தேதிதான் வழக்கமா அந்தத் தேதியா இருக்கும். ஒரு வருஷம் புதுப்பிக்க மறந்து அடுத்த வருஷம் புதுசா எடுத்தீங்கன்னா அந்தத் தேதியும் புதுசாயிடும். அதுக்கு முன்னால போட்ட ஒவ்வொரு இம்ப்ளான்ட்டும், செஞ்ச ஒவ்வொரு ரூட் கெனாலும் காப்பு இல்லாம நிக்கும். நம்ம தொழில்ல பிரச்சினை அன்னிக்கே தெரியறதும் இல்லீங்க. கிளிப் போட்ட பிள்ளைக்கு வேர் கரைஞ்சது எக்ஸ்ரேல தெரிய வருஷம் ஆகும்.

அதனால கம்பெனி மாத்தினாலும் பழைய ரெட்ரோ தேதியைப் புதுக் கம்பெனி எழுத்துல ஏத்துக்கணும். இது இல்லாம யார் எவ்வளவு குறைச்ச பிரீமியம் சொன்னாலும் மாத்தாதீங்க.

---

தாமிரபரணி சர்வேயர் (திருநெல்வேலி)

நான் பல் டாக்டர் இல்ல, சொத்து இழப்பு மதிப்பிடுற சர்வேயர். கிளினிக்குகளையும் பார்த்திருக்கேன். அதனால பொருள் சேதம் பக்கம் மட்டும் பேசுறேன்.

மேடம், முதல்ல அந்த பேங்க் பாலிசியைக் கையில வாங்கி வாசிங்க. பல பேர் வாங்குறதே இல்ல. அது பேங்க் தன் கடனைக் காப்பாத்த எடுத்தது. கடன் தொகைக்குத்தான் போட்டிருப்பாங்க, கடனில் வாங்கின மெஷினுக்கு மட்டும்தான் இருக்கும்.

5 கோடிக்குள்ள சொத்து உள்ள இடத்துக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ன்னு ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த பொதுப் பாலிசி 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கு. எந்தக் கம்பெனியில வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒண்ணுதான். தீ, இடி, புயல், வெள்ளம், கலவரம், தண்ணித் தொட்டி உடையறது எல்லாம் அதுக்குள்ள வந்துரும். வெள்ளத்தை நீக்கிட்டு பிரீமியம் குறைக்கலாம்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை. உங்க ஊர்ல தண்ணி எத்தனை நாள் தெருவில நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தரைத்தளம் வேற. பல் கிளினிக்கில விலை கூடின சாமான் பாதி தரையோட ஒட்டித்தான் இருக்கு: கம்ப்ரெஸர், சக்ஷன் மோட்டார், சேரின் அடிப்பாகத்தில் இருக்கிற போர்டு. முழங்கால் அளவு தண்ணியே போதும்.

ரெண்டாவது, மின்சாரம். ஃபயர் பாலிசியில் ஷார்ட் சர்க்யூட்டால தீப்பிடிச்சுப் பரவினா பரவின சேதத்துக்குக் கிடைக்கும். எந்த மெஷினுக்குள்ள ஷார்ட் ஆச்சோ அந்த மெஷினுக்குக் கிடைக்காது. வோல்டேஜ் ஏறி ஓபிஜி போர்டு கருகினா ஃபயர் பாலிசி கை விரிச்சிரும். ஓபிஜி, ஆர்விஜி, கம்ப்யூட்டர் இதுக்கெல்லாம் எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் பாலிசி தனியா வேணும். கம்ப்ரெஸருக்கு மெஷினரி பிரேக்டவுன் (மெஷின் பழுது) பாலிசி. எக்ஸ்ரே டியூபுக்கு வயசைப் பொறுத்துக் கழிச்சுத்தான் தருவாங்க, பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கணும்னு நிபந்தனையும் இருக்கும். வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

திருட்டு: பூட்டை உடைச்சு, ஜன்னலை நெம்பி உள்ள வந்தாத்தான் அந்த பாலிசி பேசும். பகல்ல கிளினிக் திறந்திருக்கும்போது யாரோ ஹேண்ட்பீஸை எடுத்துட்டுப் போனா கிடைக்காது.

---

முத்துநகர் பல் (தூத்துக்குடி)

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்னிக்கு பேங்க்ல போய் பாலிசி நகல் வாங்கிட்டேன். நீங்க சொன்னபடியேதான் இருக்கு. ‘மெஷினரி’ன்னு மட்டும் எழுதி 14 லட்சம். உள் வேலை 7 லட்சம் எதிலயும் வரல. கட்டடத்துக்கு வீட்டு உரிமையாளர் போட்டிருக்கிற பாலிசியில் என் உள் வேலை சேருமா? 21 லட்சம் மெஷினுக்கு 14 லட்சம் போட்டிருந்தா, 14 லட்சம் வரைக்குமாவது முழுசாக் கிடைக்கும்தானே?

---

தாமிரபரணி சர்வேயர் (திருநெல்வேலி)

கிடைக்காது மேடம். எல்லாரும் ஏமாறுற இடமே இதுதான். 21 லட்சம் பொருளுக்கு 14 லட்சம் போட்டா மூணில் ஒரு பங்கு ரிஸ்க்கை நீங்களே சுமக்கிறதா கணக்கு. வெள்ளத்தில் 6 லட்சம் சேதம்னா கம்பெனி 4 லட்சம்தான் தரும், அதிலும் பிடித்தம் போகும். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரைக்கும் குறைவா போட்டிருந்தா கண்டுக்க மாட்டாங்க. உங்களோடது அதைத் தாண்டியிருச்சு.

வாங்கின விலையும் போடாதீங்க. இன்னிக்கு அதே மாதிரி புது மெஷின் வாங்க என்ன ஆகுமோ அந்த விலையைப் போடுங்க. பழைய சேரை வாங்கியிருந்தாலும் அப்படித்தான்.

உள் வேலை உங்க பணம், அதனால உங்க பேர்லதான் வரணும். ‘உள் அலங்காரம், பொருத்தப்பட்டவை’ன்னு தனி வரியா தொகையோட எழுதச் சொல்லுங்க. பேங்க்கிட்ட பேசி ரெண்டையும் ஒரே பாலிசியா மாத்தி, அதில் பேங்க் பேரைச் சேர்த்துக்கிடலாம். ஒரு யோசனை: கம்ப்ரெஸரை ரெண்டு அடி மேடை கட்டி வைங்க. பாலிசி எடுத்தாலும் கிளைம் பணம் வர்ற வரைக்கும் கிளினிக் நிக்குமே.

---

வைகைக்கரை வக்கீல் (மதுரை)

நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவர்கள் தரப்பிலும் நோயாளிகள் தரப்பிலும் ஆஜராகி வருகிறேன். டாக்டர் அம்மாவின் முதல் பதிவில் எனக்குப் பெரிதாகப் பட்டது 10 லட்சம் என்ற தொகை அல்ல, "என் பேர்ல" என்ற இரண்டு சொற்கள்.

உங்கள் பெயரில் உள்ள பாலிசி நீங்கள் செய்த சிகிச்சைக்கு மட்டும். உங்கள் கிளினிக்கில் வந்து ஞானப்பல் எடுத்த சர்ஜனின் கையால் நோயாளியின் கீழுதடு மரத்துப்போனால், வழக்கு கிளினிக்கின் மேலும் வரும். கட்டணம் வாங்கியதும் ரசீது கொடுத்ததும் கிளினிக். "அவர் எங்கள் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வருபவர்" என்ற வாதம் நிற்காது. 2004-இல் சவிதா கர்க் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பெயரில் ஒரு பாலிசி. கிளினிக் பெயரில் மருத்துவ நிறுவனங்களுக்கான ‘எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்’ (தவறுகள், விடுபடல்கள்) பாலிசி, அதில் வந்து போகும் மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்குவதாக எழுத்தில். வரும் மருத்துவர்கள் ஒவ்வொருவரின் சொந்தப் பாலிசி நகல் உங்கள் கோப்பில், ஆண்டுதோறும். நகல் தராதவரை நாற்காலிப் பக்கம் விடாதீர்கள்.

வழக்குப் போடுவது எவ்வளவு எளிது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா தீர்ப்பு சொன்னது. 2019 சட்டத்தில் நோயாளி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். தூத்துக்குடியில் கேப் போட்டவர் சென்னைக்குக் குடிபோய் அங்கே வழக்குத் தொடுத்தால் நீங்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. எதிர்மனுவுக்கு 30 நாள், ஆணையம் நீட்டித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே நோட்டீஸ் வந்த அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிந்த வக்கீலை வைத்துப் பதில் அனுப்பிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருக்காதீர்கள். கம்பெனியின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் கொடுத்துச் சமாதானம் பேசுவதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதைப் பாலிசி ஈடு செய்யாது.

இன்னொன்று. "கேப்புக்கு 15 வருட கியாரண்டி", "இம்ப்ளான்ட்டுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம்" என்று அட்டை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். சட்டம் உங்கள் மேல் சுமத்தாத பொறுப்பை ஒப்பந்தத்தால் நீங்களாக ஏற்றால் அது விலக்குப் பட்டியலில் போய்விடும். அட்டை அடிக்கும் முன் இரு முறை யோசியுங்கள்.

---

சேலத்து மாம்பழம் (சேலம்)

எல்லாரும் சேர்ந்து புது டாக்டரைப் பயமுறுத்துற மாதிரி இருக்கு. நான் நெடுங்காலமா கிளினிக் நடத்துறேன், இன்டெம்னிட்டி எடுத்ததே இல்ல. நோயாளிகிட்ட அன்பாப் பேசி, தப்புன்னா காசு வாங்காம மறுபடி செஞ்சு கொடுத்தா யாரும் கோர்ட்டுக்குப் போறதில்ல. பாலிசி இருக்குன்னு தெரிஞ்சா அதுக்காகவே வழக்குப் போடுறவங்களும் இருக்காங்க. நம்ம பல் டாக்டர்கள் சங்கத்திலேயே பாதுகாப்புத் திட்டம் இருக்கும்போது கம்பெனிக்கு ஏன் கொடுக்கணும்? அதுவும் 18 சதவீதம் ஜிஎஸ்டியோட. நாம சிகிச்சைக்கு ஜிஎஸ்டி வசூலிக்கிறதில்லங்கிறதால அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

---

மருதமலை டாக்டர் (கோவை)

அண்ணா, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. அன்பாப் பேசுறதுதான் முதல் பாதுகாப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லீங்க. ஜிஎஸ்டி பத்தி நீங்க சொன்னதும் சரி. கொட்டேஷன் வாங்கும்போது வரியோட சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

ஆனா உங்களை அறிஞ்ச ஊர், உங்க அப்பா காலத்து நோயாளிங்க. இந்தப் பொண்ணு புது இடத்தில் உட்காரப் போறாங்க. வர்றவங்க கூகுள்ல பார்த்துட்டு வர்றவங்க. எவ்வளவு அன்பாப் பேசினாலும் லிங்குவல் நரம்பு (நாக்குக்குப் போற நரம்பு) அடிபட்டு நாக்கு மரத்துப் போனவருக்கு மறுபடி செஞ்சு கொடுக்க ஒண்ணுமில்ல. ரூட் கெனால் ஃபைல் (பல் வேரைச் சுத்தம் பண்ற மெல்லிய கம்பி) மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா பெரிய ஆஸ்பத்திரி செலவு அன்னிக்கே ஆரம்பிச்சிடும்.

சங்கத் திட்டம் நல்லதுதான். வழக்கு நடத்த உதவி, சக டாக்டர்களோட துணை எல்லாம் கிடைக்கும். சேருங்க. ஆனா அது உறுப்பினர்களோட பொது நிதி. தொகைக்கு உச்சவரம்பு என்ன, கொடுக்கிறது கடமையா இல்ல குழுவோட முடிவா, விதிகளை வாங்கிப் பாருங்க. பாலிசின்னா ஒப்பந்தம். கம்பெனி மறுத்தா கேட்க இடம் இருக்கு. தனி ஆள் நடத்துற கிளினிக்னா சென்னையில் இருக்கிற இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்ட 50 லட்சம் வரைக்கும் செலவில்லாம முறையிடலாம். முதல்ல கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பார்க்கணும், அவ்வளவுதான்.

பாலிசி இருக்கிறது நோயாளிக்கு எப்படித் தெரியும்ங்க? சுவத்தில் மாட்டி வைக்கிறோமா என்ன.

---

பாலாற்றங்கரை (வேலூர்)

எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்ங்கிறதை யாரும் பேசல. எங்க பக்கத்தில் நடந்ததை வச்சுச் சொல்றேன். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய நோய்த்தொற்றில் 10 பேர் பாதிக்கப்பட்டு 8 பேர் இறந்துபோனாங்க. மூளையைத் தாக்குற மெலியாய்டோசிஸ். வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர் ஆய்வாளர்கள் விசாரிச்சு 2025-ல் ஆய்வுக் கட்டுரையாவே வந்துச்சு. சலைன் பாட்டிலைச் சிகிச்சைக் கருவியாலயே திறந்து, சரியா மூடாம மறுபடி மறுபடி பயன்படுத்தினதுதான் வழின்னு அதில் சொன்னாங்க. அந்தக் குடும்பங்களை நினைச்சா இன்னும் மனசு ஆறல. நம்ம தொழில்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் வாசிக்க வேண்டிய கட்டுரை அது.

இப்ப பாலிசிக்கு வர்றேன். அதில் ரெண்டு எல்லை இருக்கும்: ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, ஒரு வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு. 1:1, 1:2, 1:4-ன்னு விகிதத்தில் எழுதுவாங்க. 40 லட்சம் பாலிசின்னு ஏஜென்ட் சொல்வார். 1:4-ல பார்த்தா ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம்தான். ஒரே காரணத்தால பல பேருக்குப் பாதிப்பு வந்தா எல்லாத்தையும் சேர்த்து ஒரே கிளைமாத்தான் எடுத்துக்குவாங்க. ஆட்டோகிளேவ் சரியா வேலை செய்யாம ஒரு வாரம் ஓடினா பாதிக்கப்படுறவங்க எத்தனை பேரா இருந்தாலும் அந்த 10 லட்சம்தான். வக்கீல் செலவும் பெரும்பாலும் அதுக்குள்ளதான். அதனால முதல் எண்ணைப் பெருசாக்குங்க. இம்ப்ளான்ட், அறுவை நடக்கிற கிளினிக்குக்கு 10 லட்சம் பத்தாதுங்கிறது என் உறுதியான கருத்து. 50 லட்சத்துக்குக் குறையாம கேளுங்க.

பாலிசி வேற, ஸ்டெரிலைசேஷன் வேற. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு ஆகாது. தினமும் இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் ஒட்டி வைக்கிற நோட்டு, வாராவாரம் ஸ்போர் டெஸ்ட் (ஆட்டோகிளேவில் கிருமி உண்மையிலேயே சாகுதான்னு பார்க்கிறது), இது ரெண்டும் நோயாளியைக் காப்பாத்தும். வழக்கு வந்தா உங்களுக்குச் சாட்சியும் அதுதான்.

---

பெரியகோயில் நிழல் (தஞ்சாவூர்)

கை பத்தி மருதமலை சார் ஒரு வரியில் விட்டுட்டாங்க. எனக்குப் பைக் விபத்தில் வலது மணிக்கட்டு உடைஞ்சது. வாடகை, இஎம்ஐ, உதவியாளர் சம்பளம் எதுவும் நிக்கல. என்னைத் தாங்கினது தனிநபர் விபத்துப் பாலிசியில் இருந்த தற்காலிக முழு இயலாமைப் பிரிவு. வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வாரத்துக்கு இவ்வளவுன்னு தருவாங்க. பல பேர் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும் எடுத்துட்டு இந்தப் பிரிவை விட்டுடுறாங்க. நமக்கு இதுதான் முக்கியம். ஒரு பெருவிரல் மடங்காம போனா வேற வேலையில் இருக்கிறவர் ஆபீஸ் போயிடலாம், நாம ஃபைல் பிடிக்க முடியாது.

ஆனா இது விபத்துக்கு மட்டும். வருஷக்கணக்கா குனிஞ்சு நின்னு கழுத்து டிஸ்க் போனா இது வராது. அதுக்கு மருத்துவக் காப்பீடுதான், அதுவும் ஆஸ்பத்திரி செலவுக்கு மட்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி இல்ல, அதனால அதைத் தள்ளிப் போட வேண்டியதில்ல. கிளினிக் செலவுக்கு ஆறு மாசத் தொகையைத் தனியா ஒரு டெபாசிட்டில் வச்சிருங்க. டிஸ்க் பிரச்சினையில் வேலை நின்னா அதுதான் கைகொடுக்கும்.

---

கொடிவேரி சிஸ்டர் (கோபி)

நான் பல் கிளினிக்கில் உதவியாளரா இருக்கேன். எங்களையும் நினைச்சுக்கோங்க டாக்டர். ஊசி குத்துறது, ஸ்கேலர் (பல் காறை எடுக்கிற கருவி) முனை கீறுறது எங்களுக்குத்தான் அதிகம், கழுவுறது நாங்கதானே. வேலைக்குச் சேரும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு, ஊழியர் இழப்பீட்டுப் பாலிசியில் எங்க பேரையும் உண்மையான சம்பளத்தையும் எழுதுங்க. சம்பளத்தைக் குறைச்சு எழுதினா எங்களுக்குக் கிடைக்கிறதும் குறையும். மூணு பேருக்கு அதோட பிரீமியம் பெருசா வராதுன்னு எங்க டாக்டரே சொன்னாங்க.

---

முத்துநகர் பல் (தூத்துக்குடி)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கோபி அக்கா, உங்க பதிவைப் படிச்ச அன்னிக்கே மூணு பேருக்கும் தடுப்பூசி ஆரம்பிச்சாச்சு.

இப்ப வரைக்கும் செஞ்சது: பேங்க் பாலிசியை ரத்து பண்ணி, பேங்க் பேரும் சேர்த்து 28 லட்சத்துக்கு சூக்ஷ்ம பாலிசியா மாத்தச் சொல்லியிருக்கேன், உள் வேலை தனி வரியா. ஓபிஜி, ஆர்விஜிக்கு எலக்ட்ரானிக் பாலிசி. கண்ணாடி, போர்டுக்கான பாலிசி வேண்டாம்னு விட்டுட்டேன். அந்தப் பணம் இன்டெம்னிட்டிக்குப் போகுது: என் பேர்ல 50 லட்சம், கிளினிக் பேர்ல 50 லட்சம், ரெண்டும் 1:1. கிளிப் டாக்டர் பாலிசி நகல் அன்னிக்கே அனுப்பிட்டாங்க. சர்ஜன்கிட்ட இல்ல, எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் அறுவை எதுவும் வைக்கல.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, நான் மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்தபோது பார்த்த நோயாளி இப்ப வழக்குப் போட்டா என் புதுப் பாலிசி வருமா? இன்னொண்ணு, ஓபிஜிக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பதிவு இன்னும் வரல. ‘விண்ணப்பிச்சாச்சு’ன்னு எழுதி பாலிசி எடுத்துட்டு மெஷினை ஓட்டலாம்னு ஏஜென்ட் சொல்றார்.

---

வைகைக்கரை வக்கீல் (மதுரை)

பதிவு கைக்கு வரும்வரை ஓபிஜியை ஓட்டாதீர்கள். சட்டத்தை மீறிச் செய்த காரியத்துக்குப் பாலிசி இல்லை என்பது விலக்குப் பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான கிளினிக் பதிவுக்கும், மருத்துவக் கழிவு அகற்றும் ஒப்பந்தத்துக்கும் இதே கதைதான். உதவியாளர் பல் சுத்தம் செய்வதும் அப்படியே. அவர் கையில் ஸ்கேலரைக் கொடுத்த அன்று உங்கள் பாலிசி வெறும் காகிதம். முழு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல் சிகிச்சை மருத்துவமனையில் நடந்தால்தான் காப்பு என்ற வாசகமும் இருக்கும், பாருங்கள்.

பழைய வேலை பற்றி: புதுப் பாலிசி வராது, ரெட்ரோ தேதி இப்போதுதான் தொடங்குகிறது. பழைய மருத்துவமனையின் நிறுவனப் பாலிசியில் முன்னாள் மருத்துவர்கள் அங்கே செய்த சிகிச்சை அடங்குமா என்று கேட்டு, அடங்கும் என்றால் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்டு வந்த சூடு ஆறுவதற்குள் கேட்டால் தருவார்கள். அங்கே நீங்கள் எழுதிய குறிப்புகளைப் பார்க்கும் உரிமையையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வையுங்கள், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாக. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்து அறுவை செய்ய முடியாது என்று 2008-இல் சமீரா கோஹ்லி தீர்ப்பு சொல்கிறது. ஞானப்பல்லுக்கு உதடு, நாக்கு மரத்துப்போகும் வாய்ப்பு என்பது அச்சில் இருக்க வேண்டும்.

---

கடற்கரைச் சாலை (நாகப்பட்டினம்)

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். எனக்குக் கேள்வி நேர் எதிர்ப் பக்கம். வரும் மார்ச்சோடு கிளினிக்கை மூடிவிட்டு மகனுடன் இருக்கப் போகிறேன். இன்டெம்னிட்டி பாலிசியும் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்காமல் விடலாமா?

---

மருதமலை டாக்டர் (கோவை)

விடாதீங்க ஐயா. நோயாளி வழக்குப் போட ரெண்டு வருஷம் அவகாசம் இருக்கு. பிரச்சினை பின்னால தெரிய வந்தா அங்கிருந்துதான் கணக்குன்னு வாதாடுவாங்க, தக்க காரணம் சொன்னா ஆணையம் தாமதத்தை மன்னிக்கவும் செய்யலாம். பாலிசி முடிஞ்ச பிறகு கிளைமைத் தெரிவிக்கப் பொதுவா 90 நாள்தான் தருவாங்க. ‘தொழிலிலிருந்து ஓய்வு’ன்னு எழுதி, பழைய ரெட்ரோ தேதியோடயே இன்னும் மூணு வருஷமாவது புதுப்பிக்க முடியுமான்னு கம்பெனியிடம் கேளுங்க. புதுசா சிகிச்சை இல்லைங்கிறதால பிரீமியத்தைக் குறைச்சும் கேட்கலாம்.

மார்ச்சுக்கு முன்னால இன்னொரு வேலை இருக்குங்க. மனக்குறையோட போன நோயாளி யாராவது இருந்தா, நோட்டீஸ் வரலைன்னாலும், அந்த விவரத்தைப் பாலிசி நடப்பில் இருக்கும்போதே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிச்சு, பெற்றுக்கொண்டோம்னு பதில் வாங்கி வைங்க. கம்பெனி அதை ஏத்துக்கிட்டா, பின்னால வர்ற வழக்கை இந்தப் பாலிசியிலேயே பார்ப்பாங்க. கேஸ் ஷீட், எக்ஸ்ரே, ஒப்புதல் படிவம் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க. எல்லாத்தையும் பெட்டியில் கட்டி மகன் வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க.